தூங்கும் யானையின் முதுகுப்புறம்

பாடி லூகாஸ் நிறுத்தத்தில் இறங்கி, எம்.டி.எச். சாலையை விட்டு உள்ளே நடந்தேன். திருவலிதாயம் கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டம். குருபகவான் சந்நிதிக்குக் கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியுமாக வரிசை நீண்டிருந்தது. ஞானசம்பந்தர் பாடிய வலிதாயநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் நடந்தேன். எனக்குக் கருவறையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்.

வழக்கமான கோயிலில் தெற்குச் சுவர் முடிந்ததும் ஒரு மூலை வரும், அதைத் திரும்பினால் மேற்குச் சுவர். இங்கே மூலையே இல்லை. சுவர் மெல்ல வளைந்துகொண்டே போய் வடக்கில் சேர்ந்துவிடுகிறது. மேலே விமானமும் அதே வளைவில் கவிந்திருக்கிறது. நான் நின்று பார்ப்பதைக் கண்ட ஒரு பாட்டி, “ஆனை படுத்திருக்குது தம்பி, தெரியுதா?” என்றார். கஜபிருஷ்டம், தூங்கானை மாடம் என்று நூல்கள் சொல்வதை அவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்.

தொண்டை மண்டலத்தில் இந்த வடிவம் நிறைய உண்டு. திருவொற்றியூரில் இருக்கிறது, திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. ஆனால் இது சைவத்துக்கு மட்டும் உரியதல்ல. மகாராஷ்டிரத்தில் பாஜா, கார்லே குகைகளில் பௌத்தர்கள் மலையைக் குடைந்து அமைத்த சைத்தியங்களின் தரைத்திட்டமும் இதேதான். கார்லேயின் பெரிய மண்டபம் ஏறக்குறைய 124 அடி நீளம். அதன் வளைந்த முனையில் தூபி. தூண் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே அதைச் சுற்றிவர வழி. முன்னால் கூடி நிற்க இடம், பின்னால் வலம்வர வளைவு என்ற தேவைதான் இந்த வடிவத்தைப் பிடித்துவைத்தது என்று நினைக்கிறேன். விமானங்களில் நாம் காணும் லாட வடிவ நாசிக்கூட்டுக்கு மூத்த உறவும் ஒன்று உண்டு. பீகாரின் பராபர் குன்றுகளில் அசோகர் ஆசீவகத் துறவிகளுக்குக் குகைகள் கொடுத்தார். அங்குள்ள லோமச ரிஷி குகையின் வாசலில், வளைத்துக் கட்டிய மரக்கூரை அப்படியே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. மூங்கிலும் மரமும் வளைந்த பழக்கத்தைக் கல்லும் விடவில்லை.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. ரோமானியரின் பொது மண்டபங்களில் நீதிபதி அமர்ந்த வளைந்த முனையை, 4ஆம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவர்கள் தேவாலயத்துக்குள் கொண்டுவந்து பலிபீடத்துக்கு உரியதாக்கினார்கள். அது வேறு வேர். ஆனாலும் புனிதமானதை வளைவு அணைத்து நிற்கும் அந்த ஒற்றுமை என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது.

பேருந்து பிடித்து அம்பத்தூர் தாண்டித் திருமுல்லைவாயில் போனேன். ஊர்க்கதை எல்லாரும் அறிந்தது. தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்க, அவன் வாளால் வெட்ட, உள்ளிருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. அந்தக் காயத்துக்காகவே மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டும் அது களையப்படும். மன்னனுக்குத் துணையாகப் புறப்பட்ட நந்தி, இன்றும் சுவாமியைப் பாராமல் கிழக்கு நோக்கியே இருக்கிறது. சந்நிதி முன்னால் உள்ள எருக்கந்தூண்கள் இரண்டையும் எல்லாரும் தொட்டுப் பார்க்கத் துடிக்கிறார்கள்.

இங்கும் விமானம் கஜபிருஷ்டம்தான். சதுரச் சுவருக்குக் கல்லை நேராகச் செதுக்கினால் போதும். இந்த வளைவில் அடிவரிசையிலிருந்து கூரைவரை ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைத்துக் கொத்தியாக வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பின்புறத்தில் இருக்கிறது, நாமோ அங்கே வேகமாகக் கடந்துவிடுகிறோம். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். 7ஆம் நூற்றாண்டிலேயே நகுல சகாதேவ ரதத்தை இதே வடிவில் செதுக்கி, பார்ப்பவர் தவறவிடாதபடி பக்கத்திலேயே முழு உருவ யானை ஒன்றையும் நிறுத்தினான்.