நாலு கோடு

என் கிட்டாரில் நாலு கோடுகள் இருக்கின்றன. ஒலித்துளைக்கு மேலே, தடித்த கம்பி ஓடும் பக்கம். பிக் உரசிவிடாமலிருக்க ஒட்டப்பட்டிருக்கும் கறுப்புத் தகடு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்குக் காவல் கிடையாது. மூன்று கோடுகள் பளபளப்புப் பூச்சோடு நின்றுவிட்டன. நான்காவது பூச்சைத் தாண்டி மரத்தைத் தொட்டிருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் தட்டும்.

2010-இல் வாங்கினேன். ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே மூன்று வேலைகள் காத்திருந்தன: கொழுந்தனாரின் வண்டிக்கடன், ஒழுகும் மொட்டைமாடி, மகளுக்கு ஒரு சங்கிலி. அதிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய் ஒரு யமஹா வாங்கிவந்தேன். முதுகலை படித்த காலத்தில் விடுதியில் ஓர் அக்கா ஜெபக்கூட்டத்துக்கு வாசிப்பார். முடித்ததும் கிட்டாரைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். நான் போய் ஒரே ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன். அந்த ஆசைக்கு எட்டு வருடம் கழித்து என் பணத்தில் விலை கட்டினேன்.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கீறல் விழாம வெச்சிருந்தா பாதி விலைக்காவது போகும்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன் என்பதுதான் சரி. என் அம்மா கூறைப்புடவையைப் பூச்சி உருண்டை போட்டு முப்பது வருடம் பீரோவில் வைத்திருந்தவர். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் வந்த நாளின் பாலித்தீன் உறையோடுதான் கடைசிவரை வேலை செய்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலுறை, கைப்பிடிக்குத் தனி உறை. “வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே வெச்சிருக்கா” என்பது ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் தெருவில் சொல்லப்படும் உயர்ந்த பாராட்டுகளில் ஒன்று. பொருளைப் பயன்படுத்துவது ஆண்களின் வேலை, பயன்படுத்தியது தெரியாமல் வைத்திருப்பது பெண்களின் வேலை. என் இடது முன்கையில் பதினொரு வயதில் தோசைக்கல் சுட்ட தழும்பு உண்டு. பெண்பார்க்க வந்த அன்று அம்மா எனக்கு முழங்கை தாண்டி இறங்கும் ரவிக்கை தைத்துப் போட்டுவிட்டார். சித்திரை மாதம் அது. அந்தப் புழுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் கிட்டாரையும் அப்படித்தான் வைத்திருந்தேன். வாசிக்கும் முன் கை கழுவுவேன். வாட்சைக் கழற்றுவேன். வாசித்து முடித்ததும் மென்துணியால் கம்பிக்கு அடியிலெல்லாம் துடைப்பேன். துடைக்கும் நேரம் வாசிக்கும் நேரத்தைவிட அதிகமாக இருந்த நாட்கள் உண்டு.

2014-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் இருந்தேன். கூடத்திலிருந்து தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், ஆறு வயது மகள் கிட்டாரைப் பாயில் மல்லாத்திப்போட்டு, குனிந்து உட்கார்ந்து, தன் ஹேர்பின்னால் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். பிக்கை நான் உயரத்தில் ஒளித்து வைத்திருந்தேன். அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

அடித்தேன். ஒருமுறை இல்லை. முதல் அடி கையில், இரண்டாவது முதுகில், மூன்றாவது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை, ஹேர்பின்னை என்னிடம் நீட்டினாள். மாமியார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, “ஒரு மரத்துக்காகப் பொட்டப்பிள்ளைய இப்படிப் போட்டு அடிப்பியா?” என்றார். அவரோடு எனக்கு ஆயிரம் வழக்கு உண்டு. அன்று அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. பிள்ளையின் கையில் பதிந்த என் விரல்கள் சாயங்காலத்துக்குள் மறைந்துவிட்டன.

அந்த மாதம்தான் ஒரு கருத்தரங்கில், பிரசவத்துக்குப் பின் வயிற்றில் தங்கும் கோடுகளைப் பற்றி நான் எழுதிய கவிதையை வாசித்துக் கைதட்டல் வாங்கியிருந்தேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். பிள்ளைக்குத் தண்டனையா, எனக்கா என்று அப்போது யோசிக்கவில்லை. ஆறு வருடம் அது அங்கேயே கிடந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதுரை வெயில்.

2020-இல் ஊரடங்கு வந்து, கூகுள் மீட்டில் முகமில்லாத வட்டங்களுக்குத் தொல்காப்பியம் நடத்திக் களைத்த ஒரு மாலையில் இறக்கினேன். கம்பிகள் துருவேறியிருந்தன. கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் பின்பக்கமாக எழும்பியிருந்தது. அடியில் ஒரு தாளை நுழைத்தால் உள்ளே போனது. நான் முதலில் பார்த்தது அதை இல்லை. அந்த நாலு கோடுகளைத்தான்.

கடைகள் திறந்ததும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வீணை, வயலின், கிட்டார் எல்லாம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கோடுகளைக் காட்டி, “இதனாலதான் பிரிட்ஜ் தூக்கிருச்சா?” என்று கேட்டேன். படித்த பெண் கேட்கிற கேள்வியா இது? அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டு மரத்தின் உட்பக்கத்தைக் காட்டினார். வெடிப்பாக இருந்தால் உள்ளேயும் கோடு தெரியும், மர நரம்போடு போகும், அழுத்தினால் அசையும். இது எதுவும் இல்லை. “கீறலால இதுக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். நீங்க கம்பிய முறுக்கினபடியே வெக்கையில போட்டு வெச்சீங்க பாருங்க, அதான். கம்பி இழுத்துக்கிட்டே இருக்கும், சூட்டுல பசை இளகும், அப்புறம் எது தாங்கும்?”

பிரிட்ஜைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, இரண்டு நாள் கிளாம்ப் போட்டு வைக்க வேண்டும் என்றார். கோடுகளை என்ன செய்யலாம் என்று கேட்டேன். மேலாக இருக்கும் மூன்றையும் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்கலாம். நான்காவதைச் சொட்டுச் சொட்டாகப் பசை விட்டு நிரப்பி மட்டமாக்க வேண்டும். “ஆனா பூச்சு மெலிசாயிரும். சரிபண்ணின இடம் வெளிச்சத்துல தனியாத் தெரியும். மறைச்ச மாதிரியும் இருக்காது, விட்ட மாதிரியும் இருக்காது.” கூடவே, சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் போடாதீர்கள், பிறகு எந்தப் பூச்சும் அதன்மேல் பிடிக்காது என்றார். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். சொல்லவில்லை.

அவர் கடையில் ஒரு பழைய ஸ்பானிஷ் கிட்டார் தொங்கியது. அதற்கு அரக்குப் பூச்சு. நம் காட்டு மரங்களில் பூச்சி கட்டும் அதே அரக்குதான். சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் ஏற்றுவார்கள். சீக்கிரம் கீறும், வியர்வை பட்டாலே மங்கும். ஆனால் புதிதாகப் பூசும்போது பழைய பூச்சையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். என்னுடையதில் இருப்பது பாலியெஸ்டர் வகைப் பூச்சு. கெட்டி. லேசில் கீறாது, கீறினால் சேராது.

பிரிட்ஜை மட்டும் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு தினமும் வாசித்தேன். இரவு பத்தரைக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்து. இரண்டு வருடத்தில் கிட்டாரில் புதுத் தடங்கள் விழுந்தன. வலது முன்கை சாயும் விளிம்பில் கல் பதித்த கூர்மூலை வளையல் போட்ட பிறைப்பிறையான கோடுகள். பின்பலகையில் இரண்டு வகை: மேலே தாலிக்கொடியின் குண்டு தட்டிய புள்ளிகள், நடுவில் நேர்க்கோடாக ஒரு தேய்மானம். அது எப்படி வந்தது என்று வெகுநாள் புரியவில்லை. நைட்டி ஜிப்!

கிட்டார் பராமரிப்பு பற்றி நான் படித்ததிலெல்லாம் பின்பலகைக் கீறலுக்கு ஒரே காரணம்தான் சொல்லியிருந்தது: பெல்ட் பக்கிள். வாசிப்பவர் பேண்ட் போட்ட ஆள் என்பது பேசாமலே முடிவான விஷயம். சேஃப்டி பின், மெட்டி, தாலி, ஜிப் எல்லாம் அந்தப் பக்கங்களில் இல்லை.

தேய்ந்த கிட்டார்களுக்கும் புகழ் உண்டு. வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய மார்ட்டின் கிட்டாருக்கு ‘ட்ரிகர்’ என்று பெயர். நைலான் கம்பிக்கான கிட்டார், ஆகவே காவல் தகடு கிடையாது. பிக் உரசி உரசி ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அதைப் படம்பிடித்துக் கொண்டாடுகிறார்கள். ரோரி கேலகரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயிண்ட் பெரும்பாலும் போய்விட்டது. அதுவும் ஒரு தொன்மம். ஃபெண்டர் நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து புதுக் கிட்டார்களையே பழையதுபோலச் சுரண்டி, தேய்த்து, கூடுதல் விலைக்கு விற்கிறது. ஆணின் கை பட்டுத் தேய்ந்தால் அது வரலாறு.

எனக்கு எலிசபெத் காட்டன் ஞாபகம் வருவார். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் மூன்றே முக்கால் டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெல்லிசைக் கம்பியும் மற்ற விரல்களால் தடித்த கம்பியும் வாசித்தார். கல்யாணம், குழந்தை, தேவாலயத்தின் கண்டிப்பு. கிட்டாரைக் கீழே வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, சீகர் குடும்பத்து வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கும்போது, அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தார். 1958-இல் முதல் இசைத்தட்டு. தொண்ணூறு வயதைத் தாண்டி 1985-இல் கிராமி. இடையில் அவர் தொடாத அத்தனை வருடங்களும் எந்த கிட்டாரிலும் கோடாக விழவில்லை. வாசிக்காததற்குத் தடம் கிடையாது.

வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்துகிறேன். அதில் யாழைப் பற்றிய வருணனை நீளமானது. போர்த்திய தோலின் பொருத்துவாய், சூல் கொண்டிருப்பது வெளியே தெரியாத இளம்பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர்க்கோடு போல இருக்கிறது என்பார் முடத்தாமக்கண்ணியார். முழு யாழும் மணப்பெண்ணைப் போல அழகு செய்யப்பட்டிருக்கும். மாணவிகள் வழக்கம்போல் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், “மேடம், கல்யாணமாகி இருபது வருசம் ஆன யாழ் எங்கயும் வராதா?” என்றாள். புறநானூற்றில் களாப்பழம் போலக் கறுத்த தண்டுடைய சிறு யாழ் ஒன்று வருகிறது. கறுப்பு நிறத் தண்டு என்று பொருள் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆண்டாண்டாய்க் கை பட்டுக் கறுத்தது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆய்வேட்டில் எழுதினால் என் நெறியாளரே அடித்துவிடுவார், கட்டுரைதானே.

இப்போது மகளுக்குப் பதினாறு வயது. போன வருடம் அவளாகவே, “அம்மா, சொல்லித் தர்றியா?” என்று கேட்டாள். நான் கிட்டாரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கை கழுவி, துடைத்து, வாட்சைக் கழற்றி, காதில் தொங்கிய வளையத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். கம்பியைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லித் தராமலே அவள் என்னிடம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

“வாட்ச் இருந்தா பரவால்ல” என்றேன்.

“வேணாம்மா. கோடு விழும்.”

பல வாரங்கள் அப்படியே போயின. சி கார்டிலிருந்து ஜி-க்குப் போகும்போது விரல் தடுமாறும். விரல் நுனி வலிக்கிறது என்பாள். ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே இருக்கும் அந்த நாலு கோடுகளைத் தடவினாள். இது எப்படி வந்தது என்று கேட்டாள்.

அவளுக்கு நினைவில்லை. ஹேர்பின், பாய், அடி, எதுவும் இல்லை. கை மட்டும் எப்படி நினைவில் வைத்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வளையல் பட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

சொன்னேன். அடித்ததையும், எத்தனை அடி என்று எண்ணாததையும், பரணில் ஏற்றியதையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நான்காவது கோட்டில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தாள். தட்டிய இடத்தில் நிறுத்தி, “பயங்கரமாத்தான் கீறியிருக்கேன்” என்றாள். சிரிப்புதான் அது. ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

“அப்ப நான் என்ன பாட்டும்மா வாசிச்சுட்டு இருந்தேன்?”

எனக்குத் தெரியவில்லை. வாயால் பாடிக்கொண்டே இழுத்தாளா, பள்ளிக்கூடத்துப் பாட்டா, நான் வாசித்துக் கேட்ட எதையாவது முயன்றாளா? மறுபடி மறுபடி அந்தக் கூடத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். சமையலறைவரை எனக்குக் கேட்டது சுரண்டும் சத்தம் மட்டும்.