வேண்டுவதும் விரும்புவதும்

மனத்தின் நாட்டத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. விருப்பு, விழைவு, நசை, வேட்கை, அவா, ஆசை என அவை விரியும். அகராதியோ ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகக் காட்டி அமைந்துவிடும். ஆயினும் அவை ஒரு நிறத்தன அல்ல. வேட்கையில் நீர் விடாயின் வெம்மை உண்டு. அவாவை வள்ளுவர் அறுத்தற்குரியதாக்கி, 37ஆம் அதிகாரத்தையே அதற்கென வகுத்தார். வடமொழி வழிவந்த ஆசையோ இன்று குழந்தையும் சொல்லும் எளிய சொல். தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கும் நசையென்றே பொருள் கூறும். அப்பொருள் வழக்கொழிந்தது, எனினும் விரும்பியதையே நாம் விரைந்து நம்புகின்றோம் அன்றோ!

இவற்றினும் என் மனம் பெரிதும் தோய்வது 'வேண்டும்' என்னும் சொல்லிலேயே. விரும்புதலையும் இரத்தலையும் குறித்த அவ்வினை, 'எனக்கு வேண்டும்' என நான்காம் வேற்றுமையோடு இயைந்து, இன்றியமையாமையையும் தன்மேல் ஏற்றுக்கொண்டது. சிங்களத்து 'மட்ட ஓனெ' என்பதும் அதே அமைப்பினதே. 'ஓனெ', 'எபா' என்னும் இரண்டு சொற்களைக் கொண்டே பண்டாரவளைச் சந்தையில் காரியம் முடித்துவரும் தோட்டத்து முதியோரை யான் கண்டிருக்கிறேன். கதிர்காமத்துக்கு நேரும் நேர்த்தியும் எம்மவர்க்கு வேண்டுதலே.

விருப்பம் வேறு, வேண்டியிருத்தல் வேறு என்பதை என் பாட்டியார் இலக்கணம் கல்லாமலே அறிந்திருந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் எனத் தொகை வகுத்தது. எவருடைய விருப்பத்தையும் வினவுமுன்னரே எண்ணிக்கை எழுதப்பட்டுவிட்டது. பின்னர் அவர் தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். அதைப் பற்றிக் கேட்டால் பாட்டியார், "போக ஆசையில்ல சாமி, போக வேண்டியதாப் போச்சு" என்பார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லார்.

சென்ற தவணையில் எட்டாம் வகுப்பினரிடம், 'எனக்கு வேண்டுவன', 'யான் விரும்புவன' என இரு நிரல்கள் எழுதப் பணித்தேன். முதலாவதில் குடை, சப்பாத்து, பயிற்சிக் கொப்பி என வந்தன. இரண்டாவதில் கடல் காண்பதும் மருத்துவராவதும் வந்தன. லயத்திலிருந்து வரும் சிறுமி ஒருத்தி மட்டும் எழுதாதிருந்தாள். எங்கள் பெயரில் உறுதியுள்ள வீட்டை எதில் எழுதுவது என்று கேட்டாள். 'இரண்டிலும் எழுதலாம், மகளே' என்றேன். எழுதினாள்; இரண்டிலும் அதுவே முதலாவதாக இருந்தது.