எதை எடுப்பது, எதை விடுப்பது?

சென்ற தவணை விடுமுறையில் என் கணினி தளர்ச்சியுறத் தொடங்கியது. அதிலுள்ளவற்றைப் பிரதி செய்து வைக்கப் பென்ட்ரைவ் எனப்படும் சிறு கருவியொன்றை வாங்கினேன். யாவும் அதிற் கொள்ளா.

இலக்கண நூல்களையே முதலில் எடுக்க முனைந்தேன். தமிழாசிரியன் வேறென் செய்வான்! ஆயினும் நன்னூல் எங்கணும் கிடைக்கும். கணினியை இயக்கும் மென்பொருளும் அவ்வாறே. என்னிடமன்றிப் பிறரிடம் இல்லாதன எவை?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. அச்சு நூல்கள் பலவற்றை மீளத் தேடிப் பெறலாயிற்று. ஒற்றைப் பிரதியாயிருந்த ஏட்டுச் சுவடிகள் போயினவே!

வேறுவகைச் செய்தியும் உண்டு. புறோயன்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி 1679 இல் மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதன் அரிய பிரதியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. எங்கள் கரம்பொன் ஈன்ற தனிநாயகம் அடிகளார் அதனைப் படியெடுத்து 1966 இல் கோலாலம்பூரில் வெளியிட்டார்.

1990 இல் நாங்கள் தீவை விட்டுப் புறப்பட்டபோது அன்னையார் காணி உறுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் மறுபிரதி உண்டு. தந்தையாரின் கவிதைக் கொப்பிக்கு இல்லை. அன்னையாரை நோவதற்கில்லை, அந்நேரம் அத்தகையது. தந்தையாரின் எழுத்தில் எஞ்சியவை, கொழும்பிலிருந்த மாமிக்கு அவர் வரைந்த பதினொரு கடிதங்களே.

அக்கடிதங்களின் படங்களையும், நம் கல்லூரியின் பழைய மலர்களையும், மாணவர் கட்டுரைகள் சிலவற்றையும் கருவியில் ஏற்றினேன். மற்றொரு பிரதி வவுனியாவிலுள்ள தங்கைக்கு அஞ்சலிற் சென்றுள்ளது.