இரண்டு இருக்கையும் ஐந்து கதவும்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் பொனற்றைத் திறந்து என்ஜினைத்தான் முதலில் பார்ப்பார்கள். திருகோணமலை கண்டி வீதிக் கராஜில் வேலை செய்யும் டிங்கர் பாஸ் அந்தப் பக்கமே போகவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பக்கத்தில் குந்தினார். கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஓடும் பெட்டித் தகட்டை ஸ்குறூ டிறைவரின் மரப்பிடியால் தட்டிக்கொண்டு போனார். நல்ல தகடு 'டங்' என்றது. இடையில் ஓர் இடம் 'தொப்' என்றது. அங்கே சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். இடது பக்கம் முடிந்தபோது நாலு வட்டங்கள்.

"என்ஜின் எப்ப வேணுமெண்டாலும் செய்யலாம். உடம்பு போனா கார் போச்சு. இது தொப்பெண்ட இடமெல்லாம் பட்டி. உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

கார் 1962ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு இருக்கை, கூரை இல்லை. விற்பவர் அதை பாலையூற்றில் ஒரு தகரக் கொட்டிலில் வைத்திருந்தார். வாங்க நினைப்பவர் என் மச்சான். லண்டனில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, உவர்மலையில் அம்மாவின் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கோடையில் நாலைந்து மாதம் இங்கே இருக்கப் போகிறார். இந்த ஊருக்கு ஒரு கார் வேண்டும். அவர் மனதில் இரண்டு கார்கள். ஒன்று இந்த மிட்ஜெட். மற்றது கொழும்பில் ஒருவர் விற்கவிருக்கும் ஜப்பான் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். எது என்று என்னிடம் கேட்டார். ஓட்டிப் பார்த்துச் சொல்வதைவிட, இரண்டையும் நாளைக்குத் திருத்தப்போகிறவர்களிடம் கேட்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. உப்புக்காற்று வீசும் துறைமுக ஊரில் கார் வாங்குகிறவன் காரோடு சேர்த்து அதற்கான ஆட்களையும் வாங்குகிறான்.

கடதாசியில் பார்த்தால் போட்டியே கிடையாது. 2017இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 1371 சிசி டர்போ என்ஜின், 140 குதிரைவலு, கியர் வண்டி 970 கிலோ. மிட்ஜெட்டில் 948 சிசி, 46 குதிரைவலு, எடை ஏறத்தாழ 700 கிலோ. ஸ்விஃப்ட்டில் ஐந்து கதவு, ஏசி, காற்றுப்பை. மிட்ஜெட்டின் இரண்டு கதவுக்கும் வெளிப்பிடிகூட இல்லை. பக்கத் திரைக்குள் கையை விட்டு உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடி 1964இல்தான் இந்தக் காருக்கு வந்தது.

ஆனால் கார்களுக்கு இங்கே ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்டப்படி வேகம். நிலாவெளி வீதியில் அந்த எழுபதையும் மாடுகள் விடாது. நகருக்குள் கோட்டைப் பக்கத்து மான்கள் நடுவீதியில் நின்று யோசிக்கும். 140 குதிரையை எங்கே ஓடவிடுவது? கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வீதியில் ஓடவிடலாம். அங்கே பின்னேரத்துக்குப் பிறகு யானை. கூரையில்லாத காரில் யானைக்கு என்ன செய்வது என்று மச்சான் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பாஸிடம் சொன்னேன். "கூரை இருந்தா மட்டும் ஆனை என்ன, கதவைத் தட்டிப்போட்டோ வரும்?" என்றார்.

விற்பவர் காரின் பூர்வீகத்தை அழகாகச் சொன்னார். பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். திருமலையில் எந்தப் பழைய காருக்கும் இந்தக் கதை உண்டு. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்த தன் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957 ஒக்டோபரில். மிட்ஜெட் சந்தைக்கு வந்தது 1961இல். இலக்கத் தகடும் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு. அந்த எழுத்து நடைமுறைக்கு வந்ததே 1957இல்தான். அடுத்த ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தின்மேல் தார் பூசியதும், பதிலுக்குத் தெற்கில் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தார் ஏறியதும் தெரிந்த வரலாறு. இந்தத் தகடு எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது. தார்ப் பொட்டு இல்லை, துரு மட்டும்தான். நான் வாதாடவில்லை. கதைக்கு விலை சேர்க்காவிட்டால் சரி.

பாஸ் வேலை பழகியது யாழ்ப்பாணத்தில். 1990இல் போரால் ஊர் கலைந்தபோது போனவர். பொருளாதாரத் தடையால் பெற்றோல் தங்க விலை விற்ற காலம் அது. மொறிஸ் மைனரையும் ஒஸ்டின் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களிடம் அவர் பொடியனாகச் சேர்ந்தார். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபுரேற்றரின் வாயில் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய என்ஜின் இருமிக்கொண்டாவது அதை எரிக்கும். புது என்ஜின் எரிக்காது. தடையிருந்த வடக்கில் பழைய ஆங்கிலேயக் கார்கள் செத்துப்போகாமல் இருந்ததற்கு ரசனையைவிட அந்த மண்ணெண்ணெய்தான் காரணம்.

மிட்ஜெட்டுக்கு இங்கே ஆயுள் இருப்பதற்கும் காரணம் மொறிஸ் மைனர்தான். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து ஏ-சீரிஸ் என்ஜின். மிட்ஜெட்டின் ஸ்டியரிங் ராக்கும் மைனருடையது. முன் சில்லுத் தாங்கி ஒஸ்டின் ஏ35இன் வழி வந்தது. இங்கிலாந்தில் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார் என்றால், இந்தத் தீவின் கைகள் அந்தக் காரை எவ்வளவு படித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வால்வ் இருக்கை ஒன்றுதான் புது வேலை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் ஓடினால் பழைய ஹெட்டில் வால்வ் உட்காரும் இடம் தேய்ந்து குழிந்துபோகும். லேத்துக்குக் கொண்டுபோய்க் கெட்டி வளையம் இறுக்கினால் தீர்ந்தது.

காபுரேற்றர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். பாஸ் ஒரு துண்டு சேலைன் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதில் செருகினார். மறுநுனியை முதலாவதின் வாயில் பிடித்தார், பிறகு இரண்டாவதில். சீறல் ஒன்று கூட, ஒன்று குறைய. ஸ்குறூவைக் கால் சுற்றுத் திருகி மறுபடி கேட்டார். எனக்கும் குழாயைத் தந்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவருக்கு இல்லை.

வெல்டிங் வேலையை அவர் வேறொரு காரில் காட்டினார். கராஜின் மூலையில் ஒரு மைனர் டூரர், அதுவும் தகட்டுக் கூரை இல்லாத வண்டி, கதவுகளைக் கழற்றி நின்றது. கதவு இருந்த இடைவெளியில் குறுக்காக ஒரு கோண இரும்பை ஒட்டியிருந்தார்கள். கூரையுள்ள காரில் கூரையும் தூண்களும் பாரத்தில் பங்கு எடுக்கும். கூரையில்லாத காரில் எல்லாப் பாரமும் கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டித் தகட்டில். இரும்பு முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாகும்வரைக்கும் பூட்டாது. வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து சுவரில் கரியால் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் அந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் ரோர்ச்சைக் கொளுத்துவாராம். வேலை பழகும் பொடியன் ஒருவன் ஈரச் சாக்கை வைத்துத் தகட்டைக் குளிரப் பண்ணிக்கொண்டிருந்தான். இன்னொருவன் இருந்தானாம், கட்டாருக்குப் போய்விட்டான். இவனும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான்.

துணிக்கூரைக்கு, அதாவது ஹூட்டுக்கு, ஆள் வேறு. ஏகாம்பரம் வீதிக்குக் கிட்ட ஒரு குஷன் கடை. கிண்ணியாக்காரர், எல்லோருக்கும் காக்கா. கடை முழுக்க ஆட்டோக் கூரைகள் தொங்குகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய ஆட்டோக்களுக்குப் புதுக் கூரை போடுவதுதான் அவருக்குச் சோறு. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹூட் தைக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. இந்தத் தீவில் ஆட்டோ ஓடும்வரை அந்தக் கைத்தொழில் இருக்கும்.

பழைய ஹூட்டை மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன். பார்த்ததும் மூலையில் போட்டார். "இது வெயில்ல சுருங்கின துணி. இத அளந்து தைச்சா புதுசும் சுருங்கினதாத்தான் வரும், தம்பி." சீனக்குடாவிலுள்ள பிரிமா ஆலையின் மாவுச் சாக்குகளைப் பிரித்து, தோய்த்து, அடுக்கி வைத்திருந்தார். அவற்றைக் கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துப் போட்டு, குண்டூசி குத்தி, நீலப் பென்சிலால் கோடு போட்டு, அதைத்தான் மாதிரியாக வெட்டுவாராம். பிறகு ரெக்சின். தைக்கும்போது முன்துண்டின் விளிம்பு பின்துண்டுக்கு மேலே வர வேண்டும். மாறித் தைத்தால் ஓடுகிற வேகத்தில் காற்று விளிம்பைக் கிளப்பித் தண்ணீரை உள்ளே விடும். நைலோன் நூலை மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்தெடுத்துத்தான் ஊசியில் கோர்க்கிறார். ஊசி குத்திய ஓட்டையை அந்த மெழுகு அடைக்கும்.

பட்டன் அடிப்பது மத்தியான வெயிலில். காலையில் ரெக்சின் விறைத்திருக்கும், விளிம்பு பட்டனுக்கு எட்டாது. வெயில் ஏறினால் இளகி எட்டும். அந்த நேரத்தில் அடித்தால்தான் பிறகு தொய்யாமல் நிற்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கடையைவிட்டு வெளியே வந்து வீதியில் நிற்பாராம்.

மிட்ஜெட்டின் ஹூட்டில் ஒரு தொல்லை உண்டு. அதை மடக்க முடியாது. கம்பிகளைக் கழற்றிப் பின்பெட்டியில் போட வேண்டும். மழை வந்தால் நிறுத்தி, இறங்கி, கம்பியைப் பூட்டி, துணியை இழுத்து, பட்டன் போட்டு முடிப்பதற்குள் மழையே விட்டுவிடும். காக்காவிடம் எது நல்லது என்று கேட்டேன். "மிட்ஜெட்டத்தான் வாங்கணும். ஸ்விஃப்ட்ல எனக்கு என்ன வேலை இரிக்கி?" ஒளிவுமறைவு இல்லாத பதில்.

ஸ்விஃப்ட்டின் ஆள் உப்புவெளி வீதியில் இருக்கிறார். இளைஞர். துப்புரவான நிலம், சுவரில் ஏசி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துவாரத்தில் ஸ்கேனரைச் செருகினால் கார் தன் வருத்தத்தைத் தானே சொல்லும். அவரைச் சும்மா எழுத்து வாசிப்பவர் என்று பழைய பாஸ்மார் சொல்வது அநியாயம். சென்சர் பிழை என்று ஸ்கேனர் காட்டும்போது, பிழை சென்சரிலா, வயரை எலி கடித்ததிலா என்று அது சொல்லாது. அதை மனிதன்தான் தேட வேண்டும். அவர் எலி கடித்த வயர் ஒன்றை எடுத்துக் காட்டினார், தேங்காய் எண்ணெய் வாசம் பிடித்து எலி வந்த கதையோடு. ஆனால் பாகம் உடைந்தால் கொழும்பு, அங்கே இல்லையென்றால் ஜப்பான். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு உயர் ஒக்டேன் பெற்றோல் வேண்டும் என்பதையும், 95 எல்லா ஷெட்டிலும் எப்போதும் இருக்காது என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

விலையும் ஒரு கதை. தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது, வரிகளோடு. அதனால் பாவித்த ஸ்விஃப்ட்டும் இறங்கி வரவில்லை. பாகம், பெற்றோல், வரி என்று புதுக் கார் வெளியுலகத்தை நம்பி நிற்கிறது. 2022இல் அந்த உலகம் ஒருமுறை கைவிட்டதையும் பார்த்தோம். கியூஆர் அட்டையில் கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான். "அப்ப மட்டும் 46 குதிரையும் 140 குதிரையும் ஒரே அளவுதான் குடிச்சது" என்று பாஸ் சிரித்தார்.

அந்த பாஸ்தான் கடைசியில் ஸ்விஃப்ட்டை வாங்கச் சொன்னார்.

நான் எதிர்பார்க்கவில்லை. காரணம் கேட்டேன். மிட்ஜெட்டின் கிங் பின்னுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்க வேண்டும், லண்டன்காரர் அடிக்கமாட்டார். மாரியில் காரைப் பூட்டிவிட்டுப் போவார், உப்பும் ஈரமும் உள்ளிருந்து தின்னும். புதுக் காருக்குத் தகட்டிலேயே நாகப்பூச்சு இருக்கிறது, இதற்குப் பெயின்ற் மட்டும்தான். "பிறகு என்னட்டத்தான் கொண்டு வருவார். எனக்குக் கண் ரெண்டும் வெல்டிங்கில போயிட்டுது தம்பி. இந்த ஒண்டைச் செய்யலாம். இதை இரண்டாந்தரம் செய்ய நான் இருக்கமாட்டன்."

ஆண்டு முழுக்க இங்கே இருப்பவருக்கு நானும் ஸ்விஃப்ட்டைத்தான் சொல்வேன். ஐப்பசி தொடங்கி தைவரை மழையில் நனைந்தபடி சந்தைக்குப் போவதில் பெருமை ஒன்றுமில்லை. மச்சான் வருவது வைகாசி முதல் புரட்டாதிவரை, கிழக்கில் மழை குறைந்த மாதங்கள். ஓட்டம் உவர்மலையிலிருந்து நிலாவெளி, மிஞ்சினால் கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர். அதற்கு 46 குதிரை கூட. ஸ்விஃப்ட் இன்னும் பத்து வருடம் கழித்தும் எங்காவது கிடைக்கும். சேலைன் குழாயில் காபுரேற்றரைக் கேட்கிறவர் கிடைப்பாரா தெரியாது. மிட்ஜெட் என்று எழுதி அனுப்பினேன், பாஸ் சொன்ன காரணங்களையும் ஒன்றும் விடாமல் சேர்த்து.

மச்சான் மிட்ஜெட்டையே எடுத்தார். நாலு சோக்கட்டி வட்டத்துக்கும் விலை குறைக்கச் சொன்னோம். விற்பவர் கடற்படை அதிகாரியை மறுபடி கூப்பிட்டார், பிறகு இறங்கி வந்தார். பாஸ் மூன்று நிபந்தனை போட்டார். மாரிக்கு முன் கார் கராஜுக்கு வர வேண்டும், ஈரத்தில் தகடு வெட்டமாட்டார். பட்டி அப்பி மூடச் சொல்லக்கூடாது, 18 கேஜ் தகடுதான். வேலை முடியும்வரை பொடியனுக்குத் தனியாக நாட்சம்பளம், அவன் ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டுக்கும் மச்சான் உடனே ஓம் என்றார். மூன்றாவதைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. பாஸ் காரின் அடியிலிருந்து தலையை நீட்டி, "அதில கழிவு இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார்.