தாத்தா, கிடார் இரையுது

மின்சார வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் வீட்டுக்கு எலெக்ட்ரிக் கிடார் வந்தால், அவன் காது பாட்டுக்குப் போகாது; இரைச்சலுக்குத்தான் போகும். சர்ச்சில் வாசிக்க எங்கள் அஞ்சுகிராமத்துப் பேரன் ஒன்று வாங்கினான். பத்து நாளில், "தாத்தா, இது கரகரங்குது, உர்ருன்னும் இரையுது" என்றான்.

இரண்டும் வேறு வேறு நோய். பிரித்துப் பார்க்க ஒரே வழிதான். ஆம்பிலிருந்து ஒயரை உருவிவிட்டு வாசிக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால் கோளாறு மரத்திலோ கம்பியிலோ இருக்கிறது. விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் கேட்டால், கழுத்தின் தலைப்பில் கம்பி உட்காரும் பள்ளத்தைப் பார்க்கணும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃபிரெட் கொஞ்சம் தூக்கி நிற்கும். எல்லா இடத்திலும் கேட்டால் கம்பி மொத்தமாகத் தாழ்ந்திருக்கும், இல்லை கழுத்து வளைந்திருக்கும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. அவன் மீட்ட, நான் ஒவ்வொரு திருகாக விரலால் அழுத்தினேன். மூன்றாம் கம்பியை முறுக்கும் குமிழின் நட்டைப் பிடித்ததும் சத்தம் நின்றது. ஸ்பானரால் கால் சுற்று, தீர்ந்தது. (தம்புராவில் இதே கரகரப்புக்காக மெனக்கெட்டு நூல் வைப்பார்கள்!)

உர் என்ற சத்தம் ஆம்பில் மாட்டினால்தான் வந்தது. கிடாரோடு திரும்பி நின்றால் கூடிக் குறைந்தது. அது பக்கத்து டிரான்ஸ்பார்மரின் 50 சைக்கிள் காந்தப்புலத்தைப் பிக்கப் சுருள் இழுப்பது. தள்ளி உட்கார்ந்தால் போதும். கம்பியைத் தொட்டால் கொஞ்சம் அடங்கும். அதுவும் சகஜம்தான், கம்பிகள் எர்த்தோடு சேர்ந்திருப்பதால்.

ஆனால் பையன் பேச்சுவாக்கில், "மைக்கில உதடு பட்டா சுள்ளுன்னு அடிக்கி தாத்தா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மக்கா, மொதல்ல அதைக் கீழ வையி" என்றேன். கம்பியில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றினேன். மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர். எர்த்தே இல்லை! ஆம்பின் கசிவு கரண்ட் கம்பி வரைக்கும் வந்து, வேறு பிளக்கில் எர்த்தான மைக் வழியாக, பிள்ளையின் உடம்பைக் கடந்து இறங்கப் பார்த்திருக்கிறது. 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸின் சுவான்சியில், லெஸ் ஹார்வி என்ற கிடார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வயது 27.

மூன்று ஒயர் கேபிள் போட்டேன். சுவர் சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் பிடித்தேன், பிரகாசமாக எரிந்தது. (தெரியாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) மறுநாள் சர்ச்சுக்கும் டெஸ்டரோடு போனேன். அங்கே ஒரு பிளக்கில் எர்த் பின்னையே வெட்டி வைத்திருந்தார்கள், உர் சத்தம் குறையுமாம்! மாற்றிவிட்டுத்தான் வந்தேன்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இன்னும் லேசாக ஒரு கரகரப்பு இருக்கிறது. ஆம்பில் கேட்பதில்லை, விட்டுவிட்டோம்.