பாக்டீரியாவுக்கும் ஒரு ஸ்டாக் கணக்கு

பி.காம். படிப்பவர்களுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது! பாக்டீரியா வளரும் வேகத்தை அளப்பதும், ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுவதும் ஒரே கணக்குதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். தினமும் 100 பெட்டி வெளியே போகிறது, குடோனில் இருப்பு மட்டும் மாறவே இல்லை. அப்படியென்றால் தினசரி உற்பத்தியும் 100 பெட்டிதான். ஆலைக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

1950-ல் பாரிஸில் ஜாக் மோனோவும், சிகாகோவில் ஆரன் நோவிக், லியோ சிலார்ட் இருவரும் தனித்தனியே இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். (அணுக்கருத் தொடர்வினையை யோசித்த அதே சிலார்ட்தான்!) சிகாகோக்காரர்கள் வைத்த பெயர் கீமோஸ்டாட்.

ஒரு லிட்டர் ஜாடியில் பாக்டீரியா. மணிக்கு 200 மில்லி உணவுக் கரைசல் உள்ளே சொட்டுகிறது, அதே அளவு வெளியே வழிகிறது. பாக்டீரியா கூடினால் உணவு பற்றாமல் வளர்ச்சி குறையும். குறைந்தால் உணவு மிஞ்சி வளர்ச்சி கூடும். கடைசியில் எண்ணிக்கை ஒரே நிலையில் நிற்கும். அப்போது வளர்ச்சி வேகம் மணிக்கு 0.2. இரட்டிப்பாகும் நேரம் 0.693-ஐ 0.2-ஆல் வகுத்தால் வரும், சுமார் மூன்றரை மணி. குழாயை அதிகம் திறந்தால்? வளர்வதை விட வெளியேறுவது கூடி, ஜாடியே காலி!

கழிவுநீரை பாக்டீரியா கொண்டு சுத்திகரிக்கும் தொட்டியும் பெரிய கீமோஸ்டாட் மாதிரிதான். தண்ணீர் அதில் தங்குவது பெரும்பாலும் சில மணி நேரம். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இரட்டிப்பாகவோ ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். அப்படியே விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அடியில் படியும் சேற்றைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு சேற்றை மட்டும் எடுத்தும் இருப்பு மாறவில்லை என்றால், வளர்ச்சி வேகம் நாளுக்கு 0.1. அதே ஸ்டாக் கணக்கு!

ஒரு வாரம் கணக்குத் தப்பி சேற்றை அதிகமாக எடுத்துவிட்டால், மெதுவாக வளரும் அந்த பாக்டீரியாதான் முதலில் காணாமல் போகும். பழையபடி பெருக வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை அம்மோனியா தண்ணீரோடு வெளியே போகும். அது மீனுக்கு விஷம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருப்பது பழவேற்காடு ஏரி, அதை நம்பி வாழ்பவர்கள் மீனவர்கள்.

நஷ்டக் கணக்கை யார் பெயரில் எழுதுவது?