எங்கள் வீட்டில் தமிழ் பயின்ற அக்கா
(பத்தாம் வகுப்பு மாணவி)



"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பர் பெரியோர். ஆனால் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் உறையூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்த விருந்தாளியோ ஆறு வாரங்கள் தங்கினார். அவர் ஜெர்மனி நாட்டுக் கல்லூரி மாணவி. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்பவர். ஏட்டில் கற்ற தமிழைப் பேசிப் பழகுவதற்காக, அப்பாவின் நண்பர் ஒருவர் மூலம் வந்திருந்தார்.

எட்டாம் வகுப்பில் பயிலும் என் தங்கையும் நானும் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. உண்மையைக் கூறினால், அது தன்னலம் கலந்த மகிழ்ச்சி. "வெள்ளைக்கார அக்கா வருகிறார், நம் ஆங்கிலம் வளரும்" என்பதே எங்கள் எண்ணம். முதல் நாளே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினோம். அவர் தமிழில் கேட்டாலும் நாங்கள் ஆங்கிலத்திலேயே விடையளித்தோம். அவர் ஒரு சொல்லுக்காகத் தயங்கும்போது, உதவுவதாக எண்ணி, அதை ஆங்கிலத்தில் நாங்களே சொல்லி முடித்தோம். "ஆங்கிலம் எனக்கும் பள்ளியில் கற்ற மொழிதான்" என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொரு பிழையும் செய்தோம். அப்பாயி அவரை "நீ, வா" என்று அன்போடு அழைப்பார். அதைக் கேட்ட அக்கா, "அப்பாயி, நீ சாப்பிட்டாயா?" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவின் முகம் சிவந்தது. அன்று முழுவதும் அவர் தமிழே பேசவில்லை. கைப்பேசியின் மொழிபெயர்ப்பைக் காட்டித்தான் தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. அக்கா அம்மாவிடம் வந்து, ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, "ஆங்கிலம் தெரியாத வீடு இங்கே இருக்கிறதா? நான் அங்கே தங்கலாமா?" என்று கேட்டார். அம்மா திகைத்து நின்றார்கள். நாங்கள் தலைகுனிந்தோம். அப்போது திண்ணையிலிருந்து அப்பாயியின் குரல் கேட்டது: "இங்கிலீசு தெரியாதவ நான் ஒருத்தி இருக்கேனே! அவ எதுக்கு வேற வீட்டுக்குப் போகணும்?"

அன்று முதல் அப்பாயியே ஆசிரியை ஆனார். இரவு எட்டு மணி வரை வீட்டில் தமிழ் மட்டுமே. பிறகு அரை மணி நேரம் எங்களுக்காக ஆங்கிலம். பிழையாகப் பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது. "சிரிச்சா அவ எப்படிடீ பேசுவா?" என்று அப்பாயி கண்டித்தார். இளமையில் கைத்தறிக்குத் தார் சுற்றியவர் அவர். பாவு, ஊடை, நாடா, ராட்டை என்று அவர் சொல்லச் சொல்ல அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தமிழில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் பெறும் எங்களுக்கு, ஊடை என்றால் குறுக்கு நூல் என்பது அன்றுதான் தெரியும்! பிறந்தது முதல் நாங்கள் அப்பாயியுடன் வாழ்கிறோம். ஒருநாளாவது இப்படி அருகில் அமர்ந்து கேட்டோமா?

இதனை எங்கள் தமிழாசிரியையிடம் கூறினோம். அவர் வீரமாமுனிவரை நினைவூட்டினார். 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர், தமிழகம் வந்து மக்களிடையே வாழ்ந்து, தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தந்தார். அவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. செந்தமிழுக்கு இலக்கணம் செய்த அப்பெருமகனார், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியே இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நூலில் உள்ள தமிழ் வேறு, திண்ணையில் உள்ள தமிழ் வேறு. இரண்டையும் கற்க வேண்டும் என்று அவர் அன்றே உணர்ந்திருந்தார் அன்றோ! மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளுக்கு வரும் மாணவர்களும் நம்மவர் வீடுகளில் தங்கிப் பயில்வதுண்டு என்றும் ஆசிரியை கூறினார்.

ஆறாம் வாரம் அக்காவைச் சத்திரம் பேருந்து நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். அவரே நடத்துநரிடம், "அண்ணே, ஸ்ரீரங்கம் போகுமா?" என்று கேட்டார். "போகும், ஏறும்மா" என்றார் அவர், திரும்பிக்கூடப் பாராமல். அக்கா எங்களை நோக்கி வெற்றிப் புன்னகை புரிந்தார். தம்மை அயலவராக எண்ணாமல் ஒருவர் விடை சொன்னதே அவருக்குப் பெரும் பரிசு!

எங்கள் ஆங்கிலமும் வளர்ந்தது. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் பிழை செய்தபோது அக்கா ஒருமுறையும் சிரிக்கவில்லை. சொல் கிடைக்கும் வரை காத்திருந்தார். எங்கள் நாணம் அகன்றது அந்தக் காத்திருப்பினால்தான்.

இப்போதும் ஞாயிறுதோறும் ஜெர்மனியிலிருந்து அழைப்பு வருகிறது. அழைப்பு எங்களுக்கன்று, அப்பாயிக்கு! "சாப்பிட்டீங்களா அப்பாயி?" என்று கேட்கிறார் அக்கா.

தோழியரே! நம் மொழியை நாடி ஒருவர் வந்தால் பொறுமையோடு அவர் பேச இடம் கொடுப்போம். பிறர் மொழியை நாம் பேசும்போது பிழைக்கு அஞ்சாதிருப்போம். அதற்கு முன், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியோரிடம் இன்று மாலையே சற்று நேரம் பேசுவோம்!